சொல்ல வேண்டியவள்

ஆம்பூர்,
8-2-2025

அன்புள்ள ரூக்ஸார் ஆப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்களும் சர்தார் மச்சானும் என் மகள் ஹஃப்சாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

மச்சான் அனுப்பிய போட்டோ வந்தது. குடியரசு தினத்துக்குச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு யாரோ ஒரு பையன் நிற்கிறான் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் ஹஃப்சா! அவள் முடி எங்கே ஆப்பா? இடுப்பைத் தொட்ட முடி. பிறந்ததிலிருந்து நான் எண்ணெய் வைத்துச் சீவிய முடி. யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?

இதைப் போனில் கேட்கலாம்தான். உங்கள் வீட்டில் போன் அடித்தால் ஹஃப்சா எடுத்து ஸ்பீக்கரில் போடுவாள், பக்கத்தில் உங்கள் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். இங்கே அறையில் என்னோடு ஐந்து பெண்கள், எல்லாரும் என்னைப் போலவே ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள். என் மாத்திரையையே நான் சீயக்காய் டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

அவள் மாத்திரை தவறவில்லையே? சென்ற வருஷம் இங்கே பள்ளியில் விஷயம் தெரிந்து, "பிரச்சினை வேணாம்மா, டி.சி. வாங்கிக்கோங்க" என்றார்கள். சத்தம் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களிடம் அனுப்பினேன். அங்கே அவள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள், கன்னம் உப்பியிருக்கிறது, போனில் என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு "தென்றல் வந்துட்டா அம்மி, வெச்சிடறேன்" என்று தோழியிடம் ஓடுகிறாள். எனக்குச் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். சரி, நினைத்துக்கொள்ளுங்கள், வயிற்றெரிச்சல்தான்.

அன்புத் தங்கை,
ஜாஹிரா


திருவண்ணாமலை,
14-2-2025

அன்புத் தங்கை ஜாஹிராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முடியை வெட்டச் சொன்னது பேன். உன் மகள் தலையில் அது குடும்பம் குட்டியோடு குடியிருந்தது. நான் சீவிச் சீவிக் கை ஓய்ந்து, அவளே "வெட்டிடுங்க காலா" என்ற பிறகுதான் வெட்டினேன். முடி வளரும். நீ திட்டுவாய் என்று தெரியும், அதனால்தான் எழுதவில்லை.

மச்சானுக்குக் கடையில் வேலை ஜாஸ்தி. ஆசிரமத்துப் பக்கம் புதிதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் திறக்கிறார்கள், எல்லா அறைக்கும் மெத்தை இவரிடம்தான். வெள்ளைக்காரர்களுக்கு மெத்தை கட்டாந்தரை மாதிரி இருக்க வேண்டுமாம். "அப்ப தரையிலயே படுக்கலாமே, எனக்கு எதுக்கு காசு குடுக்கறாங்க" என்று ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

இனி முக்கியமான விஷயம். நிதானமாகப் படி. போன வாரம் மாத்திரை வாங்க ஹஃப்சாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை, சுவரில் ஒட்டியிருந்ததை எல்லாம் எழுத்து விடாமல் படித்துவிட்டாள். ஆட்டோவில் ஏறியதும் என் காதுக்குள் கேட்டாள்: "காலா, எனக்கு எச்.ஐ.வி.யா?" ஆட்டோக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். அந்த மெதுவான குரலைக் கேட்ட பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். ஆமாம், பிறக்கும்போதே வந்தது, உன் தப்பும் இல்லை, அம்மி தப்பும் இல்லை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் நீ எல்லாரையும் போலப் படிப்பாய், வேலைக்குப் போவாய், கல்யாணம் செய்வாய் என்றேன். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற எழில் மேடம் சொல்லித்தந்ததையும் சொன்னேன். இதைப் பள்ளியில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, கேட்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் "தோசை மாவு இருக்கா?" என்றாள்.

நீ நினைப்பதுபோல் எல்லாம் எனக்கே கிடைத்துவிடவில்லை. அவளுக்காகப் பூப்போட்ட உறை தைத்து, பஞ்சு பார்த்துப் பார்த்து அடைத்து, ஒரு தலையணை செய்தேன். அது சுவர் ஓரமாகக் கிடக்கிறது. உன் பழைய துப்பட்டாவைச் சுருட்டி அதன் மேல் தலை வைத்துத்தான் தூங்குகிறாள். எனக்கும் வயிறு இருக்கிறது, அதுவும் எரியும்.

உன் ஆப்பா,
ரூக்ஸார்


ஆம்பூர்,
19-2-2025

ஆப்பா,

ஸலாம். அதைச் சொல்ல நீங்கள் யார்?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எழுத மாட்டேன். மூன்று வருஷமாக நான் அந்தப் பேச்சை மனசுக்குள் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, அவள் அப்பாவைப் பற்றி எவ்வளவு சொல்வது, அவள் அழுதால் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று மிஷினில் உட்கார்ந்து யோசித்து யோசித்து விரலில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வியாதியைக் கொடுத்தவள் நான். சொல்ல வேண்டியவளும் நான்தானே? எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒரு தோசைக்கு முன்னால் நீங்கள் முடித்துவிட்டீர்கள்.

"அம்மி வந்து சொல்லுவாங்க" என்று ஒரு வாரம் தள்ளிப்போட உங்களுக்கு வாய் வரவில்லையா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்திருப்பேனே.

இன்னொன்று. ரமலான் வருகிறது. அவளுக்கு இந்த வருஷம் நோன்பு வேண்டாம். உடம்பு தாங்காது. அவளுடைய முதல் நோன்பை, புதுத்துணி மாலையோடு, அடுத்த வருஷம் நான் வைப்பேன். தனியாக ஒரு வீடு பார்த்து, அங்கே வைத்து, என் கையால் கஞ்சி காய்ச்சி. இதையாவது எனக்கு விட்டுவையுங்கள்.

ஜாஹிரா


திருவண்ணாமலை,
5-3-2025

அன்பு ஜாஹிரா,

ஸலாம். நீ எழுதியதை ஹஃப்சாவிடம் சொல்லத்தான் இருந்தேன். "உடம்பு தாங்காதாம்" என்று ஆரம்பித்ததுமே அவள் முகம் போன போக்கைப் பார்த்து மீதியைச் சொல்லவில்லை. "எனக்கு அது இருக்கறதாலதானே வேணாம்கறீங்க?" என்று கேட்டாள். டாக்டரிடம் கேட்டோம். மாத்திரை ராத்திரிதான், எடை நன்றாக இருக்கிறது, முடியவில்லை என்றால் உடனே விட்டுவிட வேண்டும், அவள் ஆசைப்பட்டால் வைக்கட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு நாக்கு வறண்டு போய் என் மடியில் படுத்திருந்தாள், ஆனால் விடவில்லை. சாயங்காலம் புது பாவாடை சட்டை, மல்லிகை மாலை. தென்றல் வந்திருந்தாள், அடி அண்ணாமலையிலிருந்து அவள் அம்மா காசியம்மாளும் வந்து ஒரு சொம்பு கஞ்சி குடித்துவிட்டுப் போனாள். உனக்கு நான்கு தடவை போன் செய்தேன். அப்புறம் மச்சான் அடித்தபோது கம்பெனியில் யாரோ எடுத்து, அன்றைக்கும் ஓவர்டைம் என்றார்களாம், போனைப் பெட்டிக்குள் வாங்கி வைத்துவிடுகிறார்களாமே.

இப்போது பள்ளி நாளிலும் வைப்பேன் என்று அடம். வைக்கட்டும் விடு. இந்த ஒரு விஷயத்தில் அவள் எல்லாரையும் போல இருக்கிறாள்.

ஆப்பா,
ரூக்ஸார்


ஆம்பூர்,
9-3-2025

ஆப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மச்சான் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாரே. அன்று ராத்திரி அறையில் என் போனை எட்டிப் பார்த்து ஒருத்தி, "யாரு பொண்ணுக்கா இது, மாலை போட்டுக்கினு ராணியாட்டம் இருக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பிள்ளை இருப்பதே இந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஏன் கூட இல்லை என்பார்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளறுவார்கள். "எங்க அக்கா பொண்ணு" என்றேன். அந்தப் போட்டோவில் அவள் அப்படித்தான் இருந்தாள். உங்கள் கை அவள் தோளில்.

வேண்டாம் என்று எழுதினேன். என் வார்த்தைக்கு உங்கள் வீட்டில் மதிப்பு இல்லை. அதனால் மதிப்பு இருக்கிற இடத்தில் பேசினேன். நேற்று உங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். மார்க் அட்டையில் நம்பர் இருந்தது.

"மேடம், ஹஃப்சா மாத்திரை சாப்பிடறவ. நோன்பு வைக்க விடாதீங்க, மதியம் உங்க முன்னாடி உக்காரவெச்சு சாப்பிட வைங்க" என்றேன். "என்ன மாத்திரைம்மா?" என்று கேட்டார். சொன்னேன். பெற்றவள் நான், எனக்குச் சொல்ல உரிமை இல்லையா? "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, என்னோட இருக்கட்டும்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அவள் அம்மா யார் என்று இப்போது அங்கே ஒருவருக்காவது தெரியும்.

ஜாஹிரா


திருவண்ணாமலை,
14-3-2025

ஜாஹிரா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ செய்தது அதற்கு முன்பே வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஹஃப்சாவைத் தலைமையாசிரியை அறைக்கு வெளியே தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். "காத்தோட்டமா இருக்கட்டும்" என்றார்களாம். செவ்வாய்க்கிழமை கேட்டில் ஒரு கூட்டம். முதலில் கத்தியது காசியம்மாள், நம் வீட்டில் கஞ்சி குடித்த அதே வாயால். "எம் பொண்ணு அவகூட ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சிருக்கா, எதுனா ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று அழுதாள். டம்ளரில் ஒட்டாது என்று நான் சொல்லச் சொல்ல அவள் காதில் ஏறவில்லை.

புதன்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "டீச்சருங்ககிட்ட சொல்லாம இருக்க முடியுமாம்மா? எனக்கு மத்த பிள்ளைங்களும் முக்கியம். பரீட்சைக்கு மட்டும் வரட்டும். டி.சி. ரெடியா இருக்கு. அவங்க அம்மாவுக்குத் தபால்ல அனுப்பறேன், கையெழுத்துப் போட்டாப் போதும்."

எழில் மேடத்திடம் ஓடினேன். அவர் கொதித்துப்போனார். "அவள வெளிய அனுப்பக் கூடாது, தனியா உக்காரவும் வைக்கக் கூடாது. நம்பிச் சொன்னத வெளிய விட்டதுக்கே அந்தம்மா பதில் சொல்லணும். 2017லயே சட்டம் வந்துடுச்சு. ஆனா அந்தம்மாகிட்ட சொன்னது பெத்தவங்க. அவங்க வந்து, நான் நம்பித்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்தாத்தான் மனு நிக்கும். பேரு வெளிய வராம நான் பாத்துக்கறேன்" என்றார். வருகிற 24ஆம் தேதி திங்கட்கிழமை, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு நாள். அதற்குள் நீ வர வேண்டும்.

ஆக, இரண்டு காகிதம். இரண்டுக்கும் உன் கையெழுத்துதான் வேண்டுமாம். எத்தனை அண்டா கஞ்சி காய்ச்சினாலும் நான் காலாதான், பெற்றவள் இல்லை, என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. உனக்கு இதில் திருப்தியாக இருக்கலாம்.

இன்று பௌர்ணமி. மலை சுற்றுகிற கூட்டம் செங்கம் சாலையில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. ஹஃப்சா யூனிபார்மைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள். போகாத பள்ளிக்குத் தினமும் கிளம்புகிறாள்.

ரூக்ஸார்


ஆம்பூர்,
17-3-2025

ஆப்பா,

டி.சி. வந்துவிட்டது. தலைமையாசிரியையும் பேசினார். "நீங்க கையெழுத்துப் போட்டுட்டா யாருக்கும் சங்கடம் இல்லாம முடிஞ்சிடும்" என்கிறார். அவர் ஊரெல்லாம் சொல்வார் என்று நான் கண்டேனா? நம்பினேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

அவளை என்னிடம் அனுப்பிவிடுங்கள். பக்கத்துத் தெருவில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது, சமையல்கட்டு உண்டு. படிப்பைப் பிறகு பார்க்கலாம். நான் எட்டோடு நிறுத்தினேன், செத்தா போனேன்? அவள் என்னோடு இருப்பாள், ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக மாத்திரை போட்டுக்கொள்வோம், யாருக்கும் பயந்து சீயக்காய் டப்பாவைத் தேட வேண்டாம். மனு கொடுத்து ஜெயித்தால் என்ன ஆகும்? அவள் உங்கள் வீட்டிலேயே இருப்பாள். அதற்கு நான் பஸ் ஏறி வந்து, நான்தான் உளறினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமா?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். உங்களுக்கு அந்தப் பின்பாதி இல்லை ஆப்பா. அதனால்தான் முன்பாதியை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜாஹிரா


திருவண்ணாமலை,
20-3-2025

ஜாஹிரா,

உன் கடிதத்தின் கடைசி மூன்று வரியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சான் படித்தால் தாங்க மாட்டார். நான் தாங்கிக்கொண்டேன் என்று நினைக்காதே.

ஒன்றை உனக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளியில் சொன்னது யார் என்று ஹஃப்சாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பார்த்த யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "அம்மிய வரச் சொல்லுங்க காலா, அம்மி வந்தா அவங்களைத் திட்டுவாங்க" என்று அழுதாள்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உங்க அம்மிதான்டி சொன்னா என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை போதும், துப்பட்டா மூலைக்குப் போய்விடும், பிள்ளை முழுசாக எனக்கு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. ஒரு தடவை உன் பேச்சை நான் பேசிவிட்டேன். "சொல்ல வேண்டியவள் நான்" என்று நீ எழுதியது சரிதான் என்று பட்டது. இதையாவது நீயே சொல். எப்போது சொல்வாய், சொல்வாயா மாட்டாயா, அது உன் பாடு.

டி.சி.யில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அவளை நானே ஆம்பூருக்குக் கொண்டுவந்து விடுகிறேன். சண்டை போட மாட்டேன். புத்தகப் பையையும் கொண்டுவருவேன், அதை எங்கே வைப்பது என்று நீயே அவளிடம் சொல்லிக்கொள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் மச்சான் நிற்பார். நீ வராவிட்டாலும் நிற்பார்.

ரூக்ஸார்


ஆம்பூர்,
28-3-2025

அன்புள்ள ஆப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வந்தேன், கையெழுத்துப் போட்டேன், நீங்கள் பார்த்தீர்கள். நீங்களும் எழில் மேடமும் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தபோது நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஹஃப்சாவும் நானும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் நின்றிருந்தோம். என் கையை விடவே இல்லை அவள். "அவங்களை நல்லா திட்டுங்க அம்மி" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உன் ஸ்கூல் மேடத்துக்குச் சொன்னது நான்தான்" என்றேன். மூன்று வருஷம் யோசித்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட உதவவில்லை.

"ஏன் அம்மி?" என்றாள்.

"உன் காலா மேல பொறாமை. நான் வேணாம்னு சொல்லியும் நோன்பு வெச்சுட்டாங்கன்னு."

கையை எடுத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "நீங்கதான் வைக்கணும்னு ஆசைப்பட்டீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெச்சிருக்கவே மாட்டேனே அம்மி."

நான் உங்களிடம் சண்டை போட்டேன், தலைமையாசிரியையிடம் போனில் பேசினேன். அவளிடம் கேட்கவே இல்லை. திரும்பும்போது ஆட்டோவில் அவள் உங்கள் பக்கம் உட்கார்ந்தாள், உங்களுக்கு ஏன் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும். போனில் என்னோடு "உம்" என்று மட்டும் பேசுகிறாள்.

ஆபீசிலிருந்து பள்ளிக்குப் போன் போனதும், புதன்கிழமை அவள் வகுப்புக்குள் போய் உட்கார்ந்ததும் எழில் மேடம் சொன்னார். தென்றல் இன்னும் வேறு பெஞ்சில்தானாமே. போகப் போகப் பார்க்கலாம். அவள் யூனிபார்மோடு கேட்டுக்குள் போகிற போட்டோவை மச்சான் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அறையில் அதே பெண் எட்டிப் பார்த்து, "உங்க அக்கா பொண்ணுதானே?" என்றாள்.

"இல்ல, எம் பொண்ணு. அக்கா வளர்க்கறாங்க" என்றேன்.

அந்த இரண்டாவது பாதியைச் சொல்லும்போது வயிறு எப்படி எரிந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் சொன்னேன். "ஏன் உங்ககூட இல்ல?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லையே. "அங்க ஸ்கூல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அந்த மூன்று வரியை நீங்கள் எரித்துவிட்டீர்கள். எழுதியவளுக்கு அது மனப்பாடம். பெருநாளைக்கு நான் வரவில்லை. நீங்கள் கூப்பிட வேண்டாம், அவளைக் கூப்பிடச் சொல்லித் தூண்டவும் வேண்டாம். அவளாகக் கூப்பிட்டால் அன்றைக்கே பஸ் ஏறுவேன்.

ஒரே ஒரு உதவி. அன்று மரத்தடியில் அவள் கீழே பார்த்தபோது நானும் பார்த்தேன். பள்ளிக்கூட ஷூவின் பின்பக்கத்தை மிதித்துப் போட்டிருக்கிறாள், குதிகால் வெளியே நிற்கிறது. எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஷூ தைக்கிறேன், என் மகளின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் அவள் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள்.

தூங்கும்போது வரைந்துவிடாதீர்கள். அம்மி கேட்கிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள். சரி என்றால் மட்டும் வரையுங்கள்.

அன்புத் தங்கை,
ஜாஹிரா